மூன்று தலைகீழ் முத்திரைகள்

ஹமாகுரா நகர நூலகத்தில் ஹோசுமி கிகுகோவுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘கேட்டாச்சா’. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் அவளுக்குத் தெரியும். கண்காட்சிக்கு ஒரு பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கி ஒட்டப் போனாலும் சரி, குழந்தைகள் கதை நேரத்தில் ஒரு பாட்டைப் போடப் போனாலும் சரி, எங்கிருந்தோ அவள் குரல் வரும்: “கேட்டாச்சா?” யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியாதவர்கள் அவளையே கேட்பார்கள். அவள் ஒரு அனுமதிப் படிவத்தை எடுத்து நீட்டுவாள்.

இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே அவளுடைய அறை. கதவில் ‘ஒளி ஒலிப் பிரிவு’ என்று பலகை. பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். அறைக்குப் பின்னால் எப்போதும் குளிரூட்டிய சிறிய கிடங்கு. அதில் நானூற்றுப் பன்னிரண்டு பழைய படச்சுருள்கள், வட்டத் தகர டப்பாக்களில். பள்ளிகளும் ஊர்ச் சங்கங்களும் இரவல் வாங்கித் திரையிட்ட காலம் ஒன்று உண்டு. இப்போது வருடத்துக்கு நாலைந்து பேர் கேட்டு வந்தால் அதிகம். கேட்டு வருகிறவர்களும் சுருளைக் கேட்பதில்லை. “கணினியில ஏத்திக் குடுங்களேன்” என்பார்கள். ஏற்றுவது ஒரு நாள் வேலை. ஏற்றலாமா என்று கண்டுபிடிப்பது மூன்று மாத வேலை, சில சமயம் மூன்று வருட வேலை. படம் எடுத்த கம்பெனி மூடியிருக்கும், எடுத்தவர் இறந்திருப்பார், பிள்ளைகள் நாலு ஊரில் இருப்பார்கள். கிகுகோ ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதுவாள்.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில், இருபத்தாறு வயதில், வீட்டில் மட்டும் பார்க்க உரிமை உள்ள ஒரு கார்ட்டூன் படத்தை ஊர் மண்டபத்தில் இருநூறு குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டிவிட்டாள். குழந்தைகள் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். பத்து நாளில் தோக்கியோவிலிருந்து படக் கம்பெனியின் கடிதம் வந்தது. அப்போதைய நூலகத் தலைவர் அவளையும் கூட்டிக்கொண்டு இனிப்புப் பெட்டியோடு ரயிலேறிப் போய், தன்னில் பாதி வயதுக்காரன் ஒருவன் முன்னால் தலை குனிந்தார். அந்த வழுக்கைத் தலை மேசையைத் தொட்டது. திரும்பும் வழியில் அவர் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. ரயில் சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பாள்.

இந்த ஆகஸ்டில் ஒரு நாள் இப்போதைய தலைவர் கனமோரி அவள் அறைக்கு ஏறி வந்தார். வரி வசூல் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர். புத்தகம் படிக்கும் வழக்கம் கிடையாது, படிப்பதாகக் காட்டிக்கொள்ளும் வழக்கமும் கிடையாது. மொத்தத்தில் நல்ல மனிதர்.

“ஹோசுமி சான், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குப் பொதுச் சமையற்கூடம் கட்டினாங்களே, அதப் பத்தி ஒரு படம் நம்மகிட்ட இருக்காமே?”

“இருக்கு தலைவரே. இருநூத்திப் பதினேழாம் நம்பர். ‘பசியில்லாத ஊர்’. 1962. பதினாலு நிமிஷம்.”

“மார்ச்சோட அந்தச் சமையற்கூடத்த மூடறாங்க. நவம்பர் மூணு, பண்பாட்டு நாள் அன்னிக்கு இந்தப் படத்தப் போட்டுடுவோம். அப்புறம் நம்ம வலைப்பக்கத்துலயும் ஏத்திடலாம். மேயர் வரேன்னுட்டார்.”

“கேட்டாச்சா?”

கனமோரி இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். “யாரக் கேக்கணும்? முதல் அட்டையிலேயே ‘ஹமாகுரா நகரக் கல்விக் குழு’ன்னு போட்டிருக்கு. கல்விக் குழு நகராட்சியோடது. நாமளும் நகராட்சி. நம்மள நாமே கேட்டுக்கணுமா?”

கிகுகோ இழுப்பறையிலிருந்து பழைய பதிவு அட்டையை எடுத்து வைத்தாள். ‘ஐசாவா தோகுஜி, கல்விக் குழு எழுத்தர். தமது படத்தின் பிரதி ஒன்று அன்பளிப்பு. 1971’ என்று இருந்தது.

“‘தமது’ன்னு எழுதியிருக்கு பாருங்க. கேமரா அவரோடது. படம் பிடிச்ச நாளெல்லாம் லீவு போட்டிருக்கார், வருகைப் பதிவேட்டத் தேடிப் பாத்தேன். ஃபிலிம் மட்டும் நகராட்சி வாங்கிக் குடுத்தது. சுருள் நம்மளோடதுதான் தலைவரே. படம் நம்மளோடதான்னு தெரியல.”

“அவர் செத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சே.”

“அந்தக் காலத்துப் படங்களுக்குக் கணக்கே வேற. உரிமை இன்னும் தீரல.”

கனமோரி கூரையைப் பார்த்தார். வரி வசூலில்கூட இவ்வளவு பிடிவாதக்காரர்களைப் பார்த்ததில்லை என்று கீழே போய்ச் சொன்னதாகக் கேள்வி. ஆனாலும் படிவம் அனுப்பச் சம்மதித்தார். ஐசாவாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர்: மூத்தவள் சுமியே, அடுத்தவன் ஒசாகாவில் இருக்கும் மகன். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால்தான் ஆகும். ஒருவர் மாட்டேன் என்றாலும் படம் டப்பாவுக்குள்தான்.

செப்டம்பரில் இரண்டு படிவங்களும் திரும்பி வந்தன. இரண்டிலும் பெயர், முகவரி, சம்மதம், கையெழுத்துக்குப் பதிலாகக் குடும்பப் பெயர் பொறித்த குச்சியால் குத்திய சிவப்பு முத்திரை. மகனுடைய முத்திரை நேராக இருந்தது. சுமியேயின் முத்திரை தலைகீழாக இருந்தது.

அலுவலகத்தில் காலந்தள்ளியவர்களுக்கு இது தெரியும். மேலே இருப்பவர் ஒரு தீர்மானம் எழுதிச் சுற்றுக்கு விடுவார். எல்லாரும் வரிசையாக முத்திரை குத்த வேண்டும். பிடிக்காதவனும் குத்தித்தான் ஆக வேண்டும். அவன் முத்திரையைத் திருப்பிப் பிடித்துத் தலைகீழாகக் குத்திவிட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவான். சட்டப்படி அது சம்மதம்தான். எல்லாரும் பார்ப்பார்கள், யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

“செல்லும்ல?” என்றார் கனமோரி, படிவத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு.

“செல்லும்.”

“அப்ப விடுங்களேன். வயசானவங்க, கண்ணு தெரியாம குத்தியிருப்பாங்க.”

கிகுகோவால் விட முடியவில்லை. கிடங்குக்குப் போய் 217ஆம் டப்பாவைத் திறந்தாள். சுருளைத் தூக்கியபோது அடியில், டப்பாவின் வட்டத்துக்கு ஏற்ப நாலாக மடித்த ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. 1962 டிசம்பரில் சுற்றுக்கு விட்ட தீர்மானம். ‘மேற்படி படத்தின் இறுதி நான்கு நிமிடங்கள் நகரின் நற்பெயருக்குப் பொருந்தாமையால் நீக்கப்படும்.’ கீழே எட்டு முத்திரைகள். ஏழு நேராக நின்றன. எட்டாவது, ஐசாவா என்ற பெயர் கொண்டது, தலைகீழாக நின்றது.

அடுத்த சனிக்கிழமை ஒரு பெட்டி அரிசி அப்பளம் வாங்கிக்கொண்டு கிகுகோ ஒற்றைப் பெட்டி ரயிலில் ஏறினாள். இரண்டு மணி நேரம். ஐசாவா சுமியே எழுபத்திரண்டு வயதுக்காரி, பள்ளியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வாசலில் காயப்போடச் சீமைப் பனிச்சங்காய்களை உரித்துக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள்.

“படிவத்துல ஏதாவது தப்பாயிடுச்சா?” என்று கேட்டாள், பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டே.

“தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ரொம்ப நன்றி. இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு.”

அந்த ரயில் அந்த மலைக்கிராமத்தோடு முடிகிறது. அந்தப் பக்கமாக வேறு எங்கும் போக முடியாது. சுமியே சிரிக்காமல் தேநீர் ஊற்றினாள். இரண்டாவது கோப்பை முடிந்த பிறகு கிகுகோ பையிலிருந்து அந்தத் தாளின் நகலை எடுத்து மேசைமேல் விரித்தாள். சுமியே கண்ணாடி போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

“ஏழு பேரு நிக்கிறாங்க. எங்கப்பா மட்டும் தலகீழாத் தொங்கறார்.”

“உங்க முத்திரையும்...”

“அது அப்பா முத்திரதான். அதே குச்சி.” சுமியே கண்ணாடியைக் கழற்றினாள். “தம்பி போன்ல, ‘அக்கா, அப்பாவுக்கு நல்ல பேர் வரட்டுமே’ன்னான். நான் ஒருத்தி வேணாம்னா நல்லாவா இருக்கும்? குத்திட்டேன். வெட்டின படத்தால அப்பாவுக்கு என்ன நல்ல பேரு? மிச்சம் இருக்கறது நகராட்சி விளம்பரம். புது அடுப்பு, பெரிய அண்டா, மேயர் ருசி பாக்கறார். அத எடுக்கவா அவர் லீவு போட்டுட்டுப் போனார்?”

“வெட்டினது என்ன ஆச்சு?”

சுமியே எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தேயிலை டப்பா இருந்தது. மூடியைச் சுற்றி ஒட்டிய நாடா பழுத்துப் போயிருந்தது.

“முழுசாப் போடறதா இருந்தா போடுங்க. இல்லேன்னா என் படிவத்தக் கிழிச்சுப் போட்டுடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

“அப்பா அப்படிச் சொல்லிட்டுப் போனாரா?”

“அப்பாவா? அவர் வாயத் தொறந்து என்னிக்கு எதச் சொன்னார்? முத்திரதான் சொல்லும்.”

திங்கட்கிழமை காலை, கதவைச் சாத்திக்கொண்டு, கிகுகோ அந்த நான்கு நிமிடத்தை 217ஆம் சுருளின் வாலில் ஒட்டி ஓடவிட்டாள். ஒலி இல்லாத பகுதி. பள்ளி வகுப்பறையில் பிள்ளைகள் ரொட்டியும் திமிங்கல வறுவலும் கரைத்த பாலும் வாங்கிக்கொள்கிறார்கள். அங்கிருந்து காட்சி மெதுவாக ஜன்னலுக்கு நகர்கிறது. வெளியே மைதானத்தில் ஆறு பிள்ளைகள். சாப்பாட்டுக்குக் கட்ட வழியில்லாத வீடுகளின் பிள்ளைகள் அந்த அரை மணி நேரம் வெளியே போய்விடுவது வழக்கம். யாரும் போகச் சொல்வதில்லை, அவர்களே போய்விடுவார்கள். ஒரு பெண் மண்ணில் கட்டம் போட்டுத் தாண்டுகிறாள். இரண்டு பேர் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பையன் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துத் தலைகீழாகச் சுற்றுகிறான், மறுபடி சுற்றுகிறான், நிறுத்தவே மாட்டேன் என்கிறான். கேமரா அவனை விட்டு நகரவில்லை.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் சட்டை மார்பில் பெயர்த்துணி தைத்திருப்பார்கள். ஒவ்வொரு பெயராக எழுதிக்கொள்ளலாம் என்று கிகுகோ பென்சிலை எடுத்தாள். படத்தில் வந்தவர்களையும் கேட்க வேண்டுமே, அதற்காக. கம்பியில் சுற்றும் பையனிடம் படத்தை நிறுத்தினாள். மூன்றாம் வகுப்பு, அமானோ. இரண்டு பக்கமும் விடைத்த காதுகள்.

கிகுகோ கல்யாணத்துக்கு முன்னால் அமானோ கிகுகோ. அந்தக் காதுகள் அவளுடைய மூத்த அண்ணன் இசாவோவின் காதுகள். இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன. அவள் பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பு அப்பா கால் உடைந்து ஒரு வருடம் படுத்திருந்தது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. “கஷ்டம்தான். ஆனா என் பிள்ளைங்க ஒரு வேளகூடப் பட்டினி கெடந்ததில்ல” என்று அம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். கிகுகோ பென்சிலைக் கீழே வைத்தாள். அன்று அவள் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் வேலை வேலையாக நடந்தது. அடையாளம் தெரியும் முகங்கள் நான்கு. தாண்டி விளையாடிய பெண் இப்போது நாகோயாவில் இருந்தாள். போனில் கலகலவென்று சிரித்து, “என் கால் தெரியுதா? நல்லாத் தாண்டறேனா?” என்று கேட்டாள். இன்னொருவர் ஊரிலேயே முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், உடனே சரி என்றார். மூன்றாமவர் இறந்துவிட்டார். அவர் மனைவி யோசித்து, ஒரு வாரம் கழித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். கனமோரியும் நான்கு நிமிடத்தைப் பார்த்தார். பார்த்து முடித்துக் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார்.

“ஊருக்குக் கெட்ட பேரு இல்லையா, ஹோசுமி சான்?”

“நேராக் குத்தின அந்த ஏழு பேரும் இப்படித்தான் கேட்டிருப்பாங்க.”

“சரி சரி, குத்திக் காட்டாதீங்க. நாலு பேரும் ஒப்புத்துக்கிட்டா முழுசாவே போடுங்க. மேயர் மூஞ்சி போற போக்க நான் பாத்துக்கறேன்.”

மிச்சம் இருந்தது அண்ணன் மட்டும். மற்றவர்களிடம் போவதற்கு நாள் குறித்துக்கொண்டு போனவள், அண்ணனிடம் போவதைப் பத்து நாள் தள்ளிப்போட்டாள்.

இசாவோ படகு என்ஜின் மெக்கானிக். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது, ஆனாலும் துறைமுகக் கொட்டகையில்தான் பொழுது போகிறது. கிகுகோ சைக்கிளை நிறுத்தியபோது யாருடைய என்ஜினையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன, ஆபீஸ் நேரத்துல?”

“ஒரு விஷயம் கேக்கணும் அண்ணா.”

“கேளு.”

அவள் சொன்னாள். படத்தைப் பற்றியும், வெட்டியதைப் பற்றியும், மைதானத்தைப் பற்றியும், கம்பியைப் பற்றியும், யார் யாரைக் கேட்டாயிற்று என்பதைப் பற்றியும், நவம்பர் மூன்றைப் பற்றியும். அலுவலகக் குரலில் சொன்னாள், வேறு குரலில் சொல்ல வரவில்லை. அண்ணன் ஒரு திருகைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். திருகு எப்போதோ சுத்தமாகிவிட்டது.

“அம்மாவுக்குத் தெரியுமா?” என்றாள் கடைசியில்.

“இல்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்குச் சும்மாவே போடறாங்கன்னு சொல்லிட்டேன். நம்பிட்டா.” திருகை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். “அந்த ஐசாவா ஆளு ஞாபகம் இருக்கு. ஒல்லியா, தொப்பி போட்டுட்டு. நாலஞ்சு நாள் வந்தார். ஏண்டா வெளிய நிக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல.”

“ம்.”

“எத்தன சுத்து சுத்தறேன்?”

“எண்ணலையே அண்ணா.”

“ம்.”

“இப்பவே வந்து பாக்கறியா? போட்டுக் காட்டறேன்.”

“அப்புறம் பாத்துக்கலாம்.”

கையைக் கழுவிக்கொண்டு வந்து, மேசை இழுப்பறையில் ஆணிகளுக்கு நடுவே துழாவி முத்திரைக்குச்சியை எடுத்தார். சிவப்பு மையில் ஒத்தி, படிவத்தில் அழுத்திக் குத்தினார். தாளைத் திருப்பித் தள்ளினார்.

“போதுமா?”

“போதும்.”

முத்திரை தலைகீழாக விழுந்திருந்தது.

கிகுகோ அதைப் பார்த்தாள். மடித்துப் பையில் வைத்தாள். “வரேன் அண்ணா” என்றாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் தலைகீழ் முத்திரைக்காக இரண்டு மணி நேரம் ரயிலில் போனவள், சொந்த அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பானேன், தெரிந்ததுதானே என்று நினைத்தாள். அலைத்தடுப்புச் சுவரோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாள். அண்ணனை அவமானப்படுத்திவிட்டோம் என்று பட்டது. அறுபத்திரண்டு வருடம் மூடி வைத்திருந்ததைக் கொட்டகையில் உட்கார்ந்து படிவத்தில் எழுது என்று நீட்டியிருக்கிறோமே என்று வெட்கப்பட்டாள், வழியெல்லாம் அழுதாள்.

மறுநாள் கனமோரியிடம் சொன்னாள்: “இருநூத்திப் பதினேழு வேணாம் தலைவரே. ஒருத்தருக்கு மனசில்ல.”

“படிவம் வரலையா?”

“வந்திருக்கு.”

“முத்திர?”

“இருக்கு.” எடுத்துக் காட்டினாள். அவர் பார்த்தார், பெயரையும் படித்தார். இருபது வருடம் அலுவலகச் சுற்றுத்தாள்களில் குப்பை கொட்டியவர். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வெட்டின படத்தைப் போடுவதில்லை என்று சுமியேயிடம் ஒப்புக்கொண்டாயிற்று. முழுப் படத்தையும் போட முடியாது என்று முடிவாயிற்று. அதனால் 88ஆம் டப்பா, துறைமுகத்தில் அலைத்தடுப்புச் சுவர் கட்டிய படம். உரிமைச் சிக்கல் எதுவும் இல்லாத படம், பார்ப்பதற்கும் எதுவும் இல்லாத படம். சுமியேக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போட்டாள். அஞ்சலட்டையில் ஒரே வரியில் பதில் வந்தது: ‘புரிகிறது.’ 217ஐக் கிடங்குக்குத் திருப்பி அனுப்ப மனம் வராமல் மேசைமேலேயே வைத்திருந்தாள்.

நவம்பர் மூன்றாம் தேதி மத்தியானம் நூலகக் கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். மேயர் முதல் வரிசை. முதல் வரிசையின் மறுகோடியில் இசாவோ. முடி வெட்டி, மகள் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் துறைமுகத்து நண்பர்கள் மூன்று பேரோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் படம் ஓட்டும் கருவியருகே நின்ற கிகுகோ அவரைக் கண்டாள். போட்டுவிடுகிறார்களா என்று பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

விளக்கு அணைந்தது. கிரேன் ஒன்று கான்கிரீட் கட்டியைத் தூக்கிக் கடலில் போட்டது. இன்னொன்றைத் தூக்கிப் போட்டது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு இசாவோ எழுந்தார். குனிந்தபடி ஓரமாக நடந்து கருவியருகே வந்தார்.

“எப்ப வரும்?”

“எது அண்ணா?”

“நான்.”

கிகுகோவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. “அது... அதப் போடல.”

“ஏன்?”

“நீ தலகீழாக் குத்தினியே.”

“எத?”

“முத்திரைய.”

இசாவோ அவளையே பார்த்தார். திரையில் மூன்றாவது கட்டி கடலில் விழுந்தது.

“அது அப்பாவோட முத்திரடி. எது மேல்பக்கம்னு ஒரு குறி இருக்கும் பாரு, அது தேஞ்சு போயி இருவது வருஷமாச்சு. பார்சல்காரனுக்குக் குத்தறதே பாதி நாள் தலகீழாத்தான் விழுது. நான் என்ன ஆபீஸ்ல வேல பாத்தவனா, அதுல அர்த்தம் வைக்க?”

“நான் நெனச்சேன்...”

“நீ நெனச்சே! இவனுங்க மூணு பேரையும் நான் வா வான்னு இழுத்துட்டு வந்திருக்கேன்.” குரல் எழும்பிவிட்டது. பின் வரிசைக்காரர்கள் திரும்பினார்கள். “செத்தவர் பொண்ணத் தேடி மலைக்குப் போயிக் கேட்டே. நாகோயாவுக்குப் போன் போட்டுக் கேட்டே. ஊரையெல்லாம் கேட்டியே கிக்கு, என்னக் கேட்டியா?”

கொட்டகையில் அன்று நடந்ததை நினைத்துப் பார்த்தாள். படிவத்தை நீட்டினாள், வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான் செய்திருந்தாள். அதைக் கேட்டது என்று சொல்ல முடியாது, அவளுக்கே அது தெரிந்தது.

“இரு” என்றாள். மாடிப்படியை இரண்டு இரண்டாக ஏறினாள். 217ஆம் டப்பா மேசைமேல் இருந்தது. அவள் இறங்கி வந்தபோது அலைத்தடுப்புச் சுவர் முடிந்து, மேயர் கைதட்டத் தயாராகியிருந்தார். கிகுகோ சுருளை மாட்டினாள். கனமோரி எழுந்து என்ன என்பதுபோல் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் யாரையும் கேட்கவில்லை.

“இன்னொரு படம் இருக்கு” என்று இருட்டில் சொன்னாள். “அட்டையில கல்விக் குழுன்னு வரும். எடுத்தவர் ஐசாவா தோகுஜி.”

சுமியே அங்கே இல்லை. புரிகிறது என்று எழுதியவள் வீட்டில் பனிச்சங்காய் உரித்துக்கொண்டிருப்பாள். அவளும் ஒருநாள் இதே இருட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கிகுகோவுக்குத் தோன்றியது.

அடுப்பு வந்தது, அண்டா வந்தது, அந்தக் காலத்து மேயர் ருசி பார்த்தார். இந்தக் காலத்து மேயர் சிரித்தார். பிறகு சத்தம் நின்றது, காட்சி ஜன்னலுக்கு நகர்ந்தது. பையன் கம்பியைப் பிடித்தான், காலை உதைத்தான்.

“ஒண்ணு” என்றார், முதல் வரிசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்திருந்த இசாவோ, எல்லாருக்கும் கேட்கும்படி. “ரெண்டு.”

நடு வரிசையில் முடிதிருத்துகிறவர், “நான் எங்கடா?” என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். ஏழாவது சுற்றில் துறைமுகத்து நண்பர்களும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். கிகுகோவும் எண்ணினாள், வாய்க்குள். பத்தாவது சுற்று பாதியில் நின்று, தொங்கி, மறுபடி உதைத்து முடிந்தது. அதற்கடுத்த சுற்றில் கை நழுவிப் பையன் மண்ணில் விழுந்தான். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்தான்.

“பதினொண்ணு” என்றார் இசாவோ. “அத்தோட மணி அடிச்சிருவாங்க.”